ஆண்டறிக்கை 2024: அல்சூர் ஏரிக்கரை காலை நடைச் சங்கம்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பொருளாளர் கணக்கை முடித்துக் கொடுத்து இரண்டு வாரம் ஆகிறது. அறிக்கை தாமதமானதற்கு நான்தான் காரணம்.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நடந்தோம், காபி குடித்தோம். எழுத வேறொன்றும் இல்லை. மார்ச்சில் பெங்களூர் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். போர்வெல்கள் வற்றின, டேங்கருக்குச் சொல்லிவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம். குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த வாரத்தில் ஒரு நாள், உறுப்பினர் ஒருவரோடு வந்த பேத்தி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இவ்ளோ தண்ணி இருக்கே தாத்தா, நாம ஏன் டேங்கர் வாங்கறோம்?" தாத்தா என்னைப் பார்த்தார். நான் வாட்சைப் பார்த்தேன்.

அந்தக் கேள்விக்காகவே ஏப்ரல் கூட்டத்தைத் திருவள்ளுவர் சிலை அருகே வைத்துப் பழைய கதை பேசினோம். வெள்ளைக்காரர்களின் ராணுவக் குடியிருப்பான கண்டோன்மென்ட் ஒரு காலத்தில் இந்த ஏரித் தண்ணீரைத்தான் குடித்தது. பழைய ஊர்ப் பக்கம் தர்மாம்புதி, சம்பங்கி ஏரிகள் இருந்தன. 1882-இல் சாங்கி ஏரி வந்தது. 1896-இல் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்ததும் ஏரிகளை மறக்க ஆரம்பித்தோம். 1920-களில் மழை தவறி ஹெசரகட்டாவும் கைவிட, 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். 1974-இலிருந்து காவேரி. இன்று தர்மாம்புதியில் மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கிறது, சம்பங்கியில் கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிறது. நம் ஏரி ஏரியாகவே மிஞ்சியது அதிர்ஷ்டம்தான். ஆனால் குடிக்கும் தண்ணீர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏறி வருகிறது. அக்டோபர் 16 அன்று காவேரி குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டமும் தொடங்கியது. நாளுக்கு 77.5 கோடி லிட்டர், ஊரோடு பிற்பாடு சேர்ந்த 110 கிராமங்களுக்காக. நம் தெருக் குழாயில் மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, நம் ஏரிக்கு என்ன வருகிறது என்று பார்க்க ஜூன் மாதம் ஆறு பேர் ராஜகாலுவே, அதாவது மழைநீர்ப் பெருங்கால்வாய், வந்து சேரும் இடத்துக்குப் போனோம். முதல் மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கம்பி வலையில் பால் கவர்கள், கொத்தமல்லித் தண்டு, ஒற்றைச் செருப்பு, ஒரு முழுத் தலையணை. வலைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீர் நுழைந்துகொண்டிருந்தது. வலை தலையணையைத்தான் பிடிக்கும், சாக்கடையைப் பிடிக்காது. 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தது நினைவிருக்கும். சாக்கடை கலந்தால் தண்ணீரில் ஆக்ஸிஜன் போய்விடுகிறது, மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. போட்டோக்களோடு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டோம். மூன்றாவதற்குப் பதில் வந்தது: முதல் கடிதத்தின் நகலை அனுப்பவும் என்று. அனுப்பியிருக்கிறோம்.

செப்டம்பரில் விநாயகர் சதுர்த்தி. சிலை கரைக்கும் கல்யாணிக் குளத்தருகே இரண்டு நாள் நின்று, மாலை, துணி, பிளாஸ்டிக் குடை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு சிலையை மட்டும் கரைக்கச் சொன்னோம். பலர் ஒத்துழைத்தார்கள். ஒரு பாட்டி மட்டும் குடையைக் கொடுக்கவே இல்லை. "வெயில்ல போற பிள்ளைக்குக் குடை வேணாமாப்பா?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. குடையோடுதான் இறங்கினார் பிள்ளையார்.

இனி பெஞ்ச் விவகாரம். நன்கொடையாளர் பெயர் பொறித்த நான்கு கிரானைட் பெஞ்ச் போட வேண்டும் என்று நவம்பர் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினோம். கல்லின் நிறம், எழுத்து தமிழிலா கன்னடத்திலா, யார் பெயர் மேலே என்று. நான் அப்போதே எதிர்த்தேன், இங்கும் பதிவு செய்கிறேன். உட்கார இடம் ஏற்கெனவே இருக்கிறது, உட்கார்ந்தால் நாற்றம்தான் வருகிறது. அந்தப் பணத்தில் ஏரித் தண்ணீரை மாதம் ஒருமுறை பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். கையில் அறிக்கை இருந்தால் அடுத்த கடிதத்துக்குக் கொஞ்சம் கனம் இருக்கும். வாக்கெடுப்பில் பெஞ்ச் தரப்பு ஒரு ஓட்டில் வென்றது. ஆனால் பணம் தருவதாகச் சொன்னவர்கள் இன்னும் தரவில்லை.

கணக்கில் கையிருப்பு 11,340 ரூபாய். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரைப் படிக்கப் போவதில்லை, அவர்கள் பெரும்பாலும் முன் வரிசையில்தான் இருக்கிறார்கள்.

படகுத்துறைப் பக்கம் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு மறுபடி கால்வாய்ப் பக்கம் போகிறோம். வருகிறவர்கள் பழைய செருப்பு போட்டுக்கொண்டு வரவும். அந்தப் பேத்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

செயலாளர்