வில்லி பௌமைஸ்டர் எதிலிருந்தும் ஒளிந்துகொள்ளவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நவீன ஓவியம் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் அரூப ஓவியர்கள் (காணும் உருவங்களை வரையாமல் வடிவங்களாலும் வண்ணங்களாலுமே படம் தீட்டுபவர்கள்), கண்முன் கிடந்த இடிபாடுகளைப் பார்க்க மனமின்றி வண்ணத் திட்டுகளுக்குள் ஒளிந்துகொண்டவர்கள் என்ற கருத்து அதில் இடம்பெற்றிருந்தது. பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஓவியம் கற்பித்த என்னால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க இயலவில்லை.

அந்த ஓவியர்களுள் ஒருவரான வில்லி பௌமைஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1889இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த அவர், சுவர்களுக்கு அலங்கார வண்ணம் பூசும் தொழிலை முறையாகப் பயின்றவர். அத்தொழிலில், பூசிய வண்ணம் காய்வதற்குள் அதன்மீது ஒரு சீப்பை இழுத்து, மரத்தின் ரேகையைப் போல இணைகோடுகளை எழுப்புவார்கள். பிற்காலத்தில் அவர் தீட்டிய அரூப ஓவியங்களிலும் அந்தச் சீப்பின் தடம் உண்டு. வண்ணத்தோடு மணலையும், சுவர் விரிசலை அடைக்கும் மக்கையும் கலந்து பூசியதால் அவருடைய படங்கள் பல, பழைய சுவரின் ஒரு துண்டு போலச் சொரசொரப்பாக இருக்கும். கைத்தொழிலில் இவ்வளவு ஊறியவரை, வரையத் தெரியாததால் அரூபத்துக்குப் போனவர் என்று யாரும் சொல்ல முடியாது.

1928 முதல் பிராங்க்பர்ட்டில் கலை ஆசிரியராக இருந்த அவர், நாஜிகள் ஆட்சியைப் பிடித்த இரண்டே மாதங்களில், 1933 மார்ச் இறுதியில், பணிநீக்கம் செய்யப்பட்டார். 1937இல் மூனிக்கில், நவீன கலையைக் கேலி செய்வதற்கென்றே நாஜிகள் நடத்திய ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் அவருடைய படங்களும் இழிவுபடுத்தித் தொங்கவிடப்பட்டன. 1941இல் அவர் தம் படங்களைக் காட்சிக்கு வைக்கவே தடை வந்தது. விளம்பர வடிவமைப்பும் அச்செழுத்து வேலையும் செய்து குடும்பத்தைக் காத்த அவருக்கு, உப்பர்டால் நகரில் வண்ணத் தொழிற்சாலை நடத்திய குர்ட் ஹெர்பர்ட்ஸ் அடைக்கலம் தந்தார். பழங்கால ஓவிய நுட்பங்களையும் பூச்சுப் பொருள்களையும் சோதித்துப் பார்ப்பதே அங்கு அவருக்கு வேலை. அவருடைய நெருங்கிய நண்பரும் பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் நவீன கலைப் பள்ளியின் ஆசிரியராக இருந்தவருமான ஆஸ்கர் ஷ்லெம்மரும் அங்கே பணிபுரிந்தார். ஆனால் விடுதலையைக் காணாமலேயே ஷ்லெம்மர் 1943இல் இறந்துபோனார். ‘கலையில் அறியப்படாதது’ என்ற தம் நூலை, அச்சேறும் என்ற நம்பிக்கைக்கே இடமில்லாத 1943, 1944ஆம் ஆண்டுகளில்தான் பௌமைஸ்டர் எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஓவியன் முன்பே அறிந்ததை நகலெடுப்பவன் அல்லன், வேலை செய்யச் செய்யத் தானே எதிர்பாராத ஒன்றிடம் போய்ச் சேர்பவன் என்பதே அந்நூலின் சாரம். அது 1947இல் வெளிவந்தது.

போர் முடிந்த மறு ஆண்டே ஸ்டுட்கார்ட் கலைக்கல்லூரியில் பேராசிரியரானார். 1950இல் டார்ம்ஸ்டட் நகரில் நடந்த விவாத அரங்கில், நவீன கலை மனிதத்தை இழந்துவிட்டது என்று கலை வரலாற்றாசிரியர் ஹான்ஸ் செடல்மயர் முன்வைத்த குற்றச்சாட்டை நேருக்கு நேர் மறுத்துப் பேசினார். தங்கள் கட்டுரையாளர் எழுப்பும் குறையும் ஏறத்தாழ அதுவேதான். கடைசி ஆண்டுகளில் அவர் தீட்டிய ‘மொந்தாரு’ வரிசைப் படங்களில் ஒரு பெரிய கரிய வடிவம் பரப்பை ஆக்கிரமித்து நிற்க, அதன் ஓரங்களில் சின்னச் சின்ன நிறங்கள் ஒளிவிடுகின்றன. அந்தக் கருமையை என்னால் தப்பியோடுதலாகப் பார்க்க இயலவில்லை. 1955 ஆகஸ்ட் 31 அன்று, தம் ஓவியக்கூடத்தில், கையில் தூரிகையோடு, படத்தின் முன் அமர்ந்தபடியே அவர் உயிர்நீத்தார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அக்கட்டுரையோடு வந்த அரூப ஓவியம் தபால்தலை அளவில், கறுப்பு வெள்ளையில், வரைந்த ஆண்டுகூட இல்லாமல் அச்சாகியிருந்தது. மணலும் சீப்புக் கோடுகளும் உள்ள ஓர் ஓவியம் அந்த அளவில் வெறும் கறையாகவே தெரியும். இனி இத்தகைய படங்களை வண்ணத்தில், ஆண்டும் அளவும் பயன்படுத்திய பொருளும் குறித்து, அரைப்பக்கமேனும் ஒதுக்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
தஞ்சாவூர்.