வெள்ளைத் துணிக்குக் கீழே

குன்னூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. நன்றாகத் திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பாபு அண்ணன் உன்னை விசாரித்தார், அந்த ஐம்பது ரூபாயையும் விசாரித்தார்!

நாடகத்துக்கு மேடை அமைப்பு என் பொறுப்பு என்று சொன்னேன் இல்லையா? சிலோனிலிருந்து கப்பலில் வந்த ஒரு குடும்பம் 1972இல் சேரம்பாடிப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், குடியேறுகிற கதை. அதற்குப் படம் தேடியே மூன்று வாரம் போய்விட்டது. இணையத்தில் தேயிலைத் தோட்டம் என்று போட்டால் மூணாறும் டார்ஜிலிங்கும் வந்து விழுகின்றன. எல்லாப் பெண்களும் கூடையோடு சிரிக்கிறார்கள். பழைய படங்களுக்குப் போனால் பங்களா, ஏரி, குதிரை. லயத்துக்குள்ளே எடுத்த படம் ஒன்றுகூட என் கையில் சிக்கவில்லை. 1964இல் சிலோனோடு போட்ட ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் வனத்துறை இங்கே நீலகிரியில் தேயிலை போட்டது, அதுதான் 1976இல் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. இத்தனை சனம் வந்த இடத்தில் ஓர் அடுப்பைக்கூட யாரும் படம் எடுக்கவில்லையா? ஆத்திரமாக வந்தது.

போன சனிக்கிழமை சேரம்பாடியில் ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். கூடலூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பாட்டி தேத்தண்ணி கொடுத்துவிட்டு ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். பாஸ்போர்ட்டுக்காகச் சிலோனில் லயத்து வாசலிலேயே எடுத்த குடும்பப் படம். பாஸ்போர்ட்டில் ஒட்டியது போக, வெட்டாத முழுப் பிரதி ஒன்று இருந்தது. ஐந்து பேர் விறைத்து நிற்கிறார்கள். பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகப் பிடித்திருக்கிறார்கள். ஓரத்தில், பிடித்திருந்தவரின் நான்கு விரல்கள். வேட்டி தரைவரை எட்டவில்லை செல்வி! அதற்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு வீடு தெரிகிறது: கரி படிந்த சுவர், அடுக்கிய விறகு, ஒரு பால்மாவு டின், யாரோ ஒரு குழந்தையின் கால். மூன்று வாரமாகத் தேடியது அந்த ஒரு சாணில் இருந்தது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழுந்துவிடும், அதனால் ஒவ்வொரு சேலையாகத் தொட்டுக் காட்டி நிறம் கேட்டேன். தன் சேலை மாம்பழ மஞ்சள் என்றார். தங்கச்சியுடையதைக் கேட்டதும் பேசவில்லை. தங்கச்சி அந்தப் பக்கமே நின்றுவிட்டாராம்.

மேடைக்குப் பின்னால் தேயிலைமலையைப் பெரிதாகத் திரையில் காட்டலாம் என்கிறார் இயக்குநர். எனக்கு வேண்டாம். ஒரு வெள்ளைத் துணி, தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே தொங்கட்டும். குடும்பம் அதற்கு முன்னால் நிற்கட்டும். வீடு முழுக்க அந்தத் துணிக்குக் கீழேதான் நடக்க வேண்டும். நாளை சண்டை போடப் போகிறேன்.

அப்புறம், உன் அம்மாச்சியின் பெட்டி. நாம் ஏழாவது படிக்கும்போது வகுப்பில் உன்னைச் சிலோன்காரி என்று கூப்பிட்டார்கள். நானும் ஒரு நாள் கூப்பிட்டேன். நீ மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தபோது அம்மாச்சி அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் எனக்கும் ரொட்டி பிய்த்துக் கொடுத்தார். அதைத் திறந்து காட்டச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அம்மாச்சிக்கு மனசிருந்தால் மட்டும் கேட்டுப் பார், வற்புறுத்தாதே. படம் இருந்தால் ஓரம் வெட்டாமல் ஸ்கேன் செய், பின்பக்கத்தையும் சேர்த்து. வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் விறகும் சுவரும் ஒன்றாகக் குழம்பிவிடும், டாக்குமெண்டாக அனுப்பு. சேலை நிறங்களை அம்மாச்சி சொல்லச் சொல்ல நீயே எழுது.

ஒத்திகை தை முதல் வாரம். அதற்குள் முடிந்தால் நேரிலேயே கொண்டு வா, அம்மாச்சியையும் கூட்டிக்கொண்டு.

உன்,
வள்ளி