தடைக்காலத்தில் நின்றுபோகும் முட்டை: சமூக நலத் துறைக்கு ஒரு திறந்த மடல்

சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளி விடுமுறை விடுகிற வாரங்களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்திரை பிறந்த மறுநாள், ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. 2001இல் 45 நாளாக ஆரம்பித்தது, 2017இலிருந்து 61 ஆனது. தடையே கூடாது என்று சொல்ல வரவில்லை. மீன் குஞ்சு பொரிக்க விடாமல் அள்ளினால் அப்புறம் அள்ள ஒன்றும் இருக்காது என்பது எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும்.

ஃபைபர் படகும் கட்டுமரமும் போகத்தான் செய்கின்றன. ஆனால் அவை கொண்டுவரும் கொஞ்ச மீனுக்குக் கரையிலேயே ஏலத்தில் போட்டி. வஞ்சிரம், கொடுவா எல்லாம் எங்களுக்கு எப்போதுமே எட்டாத சரக்கு, அதை விடுங்கள். மற்ற மாதங்களில் கூறு கட்டி மலிவாக விற்கும் மத்தி மீனும் காரப்பொடி மீனும்கூட அந்த இரண்டு மாதம் விலை கேட்டுவிட்டு நகர்ந்துபோகிற பொருளாகிவிடும். சரி, கோழி வாங்கலாம் என்றால் மே மாத வெயிலில் பிராய்லர் கோழி தீனி எடுக்காது, எடை ஏறாது, பண்ணையிலேயே சாகும். பண்ணைக்காரர்களும் குஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்வார்கள். கறிக்கடைப் பலகையில் விலை ஏறியிருக்கும். ஆட்டுக்கறி பண்டிகைக்கு மட்டும்தான்.

இதே சமயத்தில்தான் பள்ளிக்கூடமும் மூடுகிறது. ஏப்ரல் கடைசியில் மூடினால் ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கும். மீன் இல்லை, கோழி இல்லை, சத்துணவில் கிடைக்கும் வாரம் ஐந்து முட்டையும் இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. கடலுக்கு ஒரு துறை, பள்ளிக்கு ஒரு துறை, சத்துணவுக்கு உங்கள் துறை. மூன்று நாள்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி.

வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பங்குனியிலேயே கருவாடு சேர்த்து வைப்போம். நெத்திலி, வாளை, அப்புறம் சென்னாக்குன்னி என்கிற காய்ந்த பொடி இறால். சென்னாக்குன்னியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, மண் போகப் புடைத்து, காய்ந்த மிளகாய், தேங்காய், துளி புளி வைத்து அரைத்தால் ஒரு குண்டான் பழைய சோற்றுக்குப் போதும். காசு இல்லாத வீட்டின் புரதம் அதுதான். மாங்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைக்கிற வீடுகளில் பானைக்குள் கிடப்பது நாலைந்து துண்டு. ஒன்று அப்பாவுக்கு, ஒன்று வேலைக்குப் போகிற மூத்தவனுக்கு. மிச்சத்தைச் சின்னப் பையன் கேட்டு வாங்கிவிடுவான். பெண் பிள்ளைகளுக்குக் குழம்பு. யாரும் கெட்ட மனசில் இப்படிச் செய்வதில்லை. குறைவாக இருக்கும்போது பங்கு இப்படித்தான் விழும்.

சத்துணவு முட்டையின் அருமை இங்கேதான் தெரியும். அதைப் பங்கு போட முடியாது. முத்திரை குத்தி வந்த முட்டை, தலைக்கு ஒன்று, என் கண்ணெதிரே உரித்துச் சாப்பிட வேண்டும். வீட்டில் குழம்பு மட்டும் வாங்கும் பெண்ணுக்கும் பள்ளியில் ஒரு முழு முட்டை சொந்தம். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்ததை 2010இல் வாரம் ஐந்தாக்கியது இந்த மாநிலம். அதை ஐந்து வாரத்துக்குமேல் மொத்தமாக நிறுத்துவது ஏன் என்று நான் வேலையில் இருந்தபோதும் கூட்டத்தில் கேட்டேன். விடுமுறை என்றால் விடுமுறைதான் என்று பதில் வந்தது.

அப்படி ஒன்றும் முடியாத காரியமில்லை. 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடியபோது அரிசியும் பருப்பும் முட்டையும் பிள்ளைகளின் வீட்டுக்குக் கொடுத்தீர்கள். அதற்கு முன்பே 2016இல், வறட்சி பாதித்த மாநிலங்களில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும், அதில் முட்டையோ பாலோ வேறு சத்துப் பொருளோ இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடலோர ஊர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வைத்தாற்போல் ஒரு வறட்சி வருகிறது. தேதிகூட அரசாணையிலேயே இருக்கிறது.

இனி பயறு. எங்கள் டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்குப் பிறகு நெல் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் போடுவார்கள். தை, மாசியில் விதைத்தது பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும். தடைக்காலம் தொடங்கும் வாரத்தில் பத்து மைல் தள்ளி உழவர் முற்றத்தில் பயறு காய்கிறது. இவ்வளவு பொருத்தமாக அமைந்தும் அது ஏன் கடற்கரைப் பிள்ளையின் தட்டுக்கு வரவில்லை? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஆதரவு விலைக்கு எடுக்கிறீர்கள். 2025-26க்கு மத்திய அரசு பச்சைப்பயறுக்கு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 8,768 ரூபாய். அதில் ஒரு பங்கைப் பக்கத்து ஒன்றியத்துச் சத்துணவு மையங்களுக்கே திருப்பிவிடுங்கள்.

கணக்கும் பெரிதல்ல. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 25 கிராம் பச்சைப்பயறில் ஏறக்குறைய அதே அளவு. விடுமுறையில் ஒரு பிள்ளை இழப்பது 25 முட்டைக்குமேல் என்று வைத்தாலும், ஒரு கிலோ பயறு அந்தப் புரதத்தை ஈடுகட்டிவிடும். ஆனால் பயறு மட்டும் போதும் என்று கோப்பை முடித்துவிடாதீர்கள். முட்டையில் உள்ள பி12 வைட்டமின் பயறில் கிடையாது. பயறில் குறைகிற சில அமினோ அமிலங்களைச் சோறு தரும், சோற்றில் குறைவதைப் பயறு தரும், அதனால் சேர்த்துச் சாப்பிட்டால் நல்லது. என்னைக் கேட்டால் பாதி முட்டை, பாதி பயறு. முட்டையை மாதத்துக்கு ஒரே முறை அட்டைத் தட்டோடு கொடுக்க வேண்டாம். ஓட்டு வீட்டு மே மாதச் சூட்டில் கெட்டுப்போகும். வாரா வாரம் கொடுங்கள். முடிந்தால் மையத்திலேயே அவித்து உட்காரவைத்துக் கொடுங்கள், காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.

மீன் தின்று வளர்ந்த நாக்குக்குச் சுண்டல் பிடிக்காது என்பார்கள். சத்துணவில் கலவை சாதம் வந்த புதிதில் மீல்மேக்கர் சாதத்தைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். பிள்ளைகள் கறி என்று நினைத்துப் பொறுக்கித் தின்றார்கள். கொஞ்சம் மிளகாய், மாங்காய்க் கீற்று, தேங்காய்த் துருவல் போட்டுப் பயறு சுண்டல் கொடுத்துப் பாருங்கள். உப்பில்லாமல் வேகவைத்துக் கொட்டினால் நான்கூடச் சாப்பிட மாட்டேன்.

ரேஷன் உங்கள் துறை இல்லை, தெரியும். ஆனாலும் உணவுத் துறையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு தருகிறார்கள், நல்லது. முன்பு தந்துகொண்டிருந்த உளுந்து நின்றுபோய்விட்டது. தடைக்காலத்து இரண்டு மாதமாவது கடலோர அட்டைகளுக்குக் கூடுதலாக ஒரு கிலோ பயறோ கொள்ளோ கொடுக்கலாம்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் என் பழைய சகாக்கள் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள். விடுமுறையில் மையத்தைத் திறக்கச் சொன்னால் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எல்லாருக்கும் அந்த நாள்களுக்கான ஊதியத்தையும் அதே ஆணையில் எழுதுங்கள். பிறகு பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். எரிவாயுவும் கணக்கில் வரட்டும்.

ஆணை பிப்ரவரிக்குள் வந்தால்தான் பயறு கொள்முதலுக்கும் முட்டை டெண்டருக்கும் நேரம் இருக்கும். ஏப்ரலில் வந்தால் முதல் முட்டை வருவதற்குள் பள்ளி திறந்துவிடும். மாநிலம் முழுக்க முடியாது என்றால் இந்த ஒரு வருஷம் நாகப்பட்டினம், ராமநாதபுரம் இரண்டு மாவட்டத்தில் தொடங்குங்கள். விடுமுறைக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளின் எடையை எடுத்துப் பாருங்கள். எடை பார்க்கும் கருவிக்கு டெண்டர் வேண்டாம், பக்கத்து அங்கன்வாடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்