கடல் வற்றும் நேரத்தை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மலையேறும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலையை முடித்தவர்களும் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அடுத்து கனடாவுக்குப் போய், வான்கூவர் தீவின் வெஸ்ட் கோஸ்ட் டிரெய்ல் என்னும் கடலோரத் தடத்தைக் குழுவாக நடக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் 75 கிலோமீட்டரை ஏழு நாளால் வகுத்து, நாளுக்கு 11 கிலோமீட்டர் என்று போடும் திட்டம் அங்கே செல்லாது. அந்தத் தடத்தில் எப்போது நடக்கலாம் என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது.

இது பொழுதுபோக்குக்காக வெட்டிய பாதை அல்ல. 1890 வாக்கில் தந்திக் கம்பி போட்ட வழி. 1906 ஜனவரியில் வலென்சியா என்ற பயணிகள் கப்பல் அந்தக் கரையில் மோதி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கரையேறுவோரைக் காப்பாற்றுவதற்காக அந்த வழியைத் திருத்தினார்கள். கப்பலை உடைத்த பாறையும் மூடுபனியும் பெரிய அலையும் இன்றும் அங்கேயே இருக்கின்றன. தடத்தின் வட எல்லை பச்சீனா பே, தென் எல்லை கோர்டன் ரிவர். வடபாதியில் மணலும் பாறைத் தளமும் அதிகம், சுமாராக நடக்கலாம். தென்பாதியில் சேறு, வேர், ஏணி, உருண்டைப் பாறை. அங்கே ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் போதும் என்றுதான் கணக்கிட வேண்டும்.

கடல் கணக்கைச் சொல்கிறோம். வடக்கிலிருந்து எண்ணினால் 67ஆவது கிலோமீட்டரில் ஓவன் முனை இருக்கிறது. கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் அட்டவணையில் நீர்மட்டம் 1.8 மீட்டருக்குக் கீழே இருக்கும் நேரத்தில் மட்டுமே அதைச் சுற்றி நடக்க முடியும். முனையைத் தாண்டியதும் திராஷர் கோவ் முகாம் வரை 3 கிலோமீட்டருக்கு ஆள் உயரப் பாறைகள். குழுவாகப் போனால் இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதனால் முனையைத் தாண்டும் நேரம் மட்டும் கிடைத்தால் போதாது, பாறைகளைக் கடந்து முடிக்கும்வரை நீர் ஏறாமல் இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: அன்று காலை 11.30க்கு நீர் மிகவும் வற்றுகிறது, 9 மணியிலிருந்து 2 மணி வரை 1.8க்குக் கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 62ஆவது கிலோமீட்டரிலுள்ள கேம்பர் பேயிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்பினால்தான் 10 மணிக்கு முனையை அடைந்து, பகல் 1 மணிக்குள் திராஷர் போய்ச் சேரலாம். எட்டரைக்குத் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் பாதிப் பாறையில் கடல் வந்து சேரும், பக்கத்தில் ஏறித் தப்ப வழியில்லாத செங்குத்துச் சுவர்தான் இருக்கும்.

நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது நுழைய வேண்டும், ஏறிக்கொண்டிருக்கும்போது நுழையக் கூடாது. அட்டவணை சொல்வது அமைதியான கடலுக்கான மட்டம். வெளிக்கடலில் புயல் இருந்தால் அலை அதற்கு மேலும் எழும். அச்சிட்ட அட்டவணையில் எந்த நேரக் கணக்கு என்று தலைப்பிலேயே பாருங்கள். தரநேரம், அதாவது கோடைக்காக மாற்றாத நேரம், என்றிருந்தால் கோடைக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு மணியை மறந்து தவறாக நுழைவது எளிது.

நீர் வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் ஆழமாக வற்றும், அதே அளவுக்கு உயரமாகவும் ஏறும். ஆகையால் அனுமதிச் சீட்டுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே அட்டவணையை எடுங்கள். ஓராண்டுக்கு முன்கூட்டியே அது கிடைக்கும். வடக்கிலிருந்து தொடங்கினால் ஓவன் முனை ஆறாவது அல்லது ஏழாவது நாளில் வரும். அந்த நாளின் முற்பகலில் நீர் நன்றாக வற்றும் தேதியைத் தேர்ந்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கும் நாளை முடிவு செய்யுங்கள். விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்த நாளுக்குப் பயணத்தை அமைத்தால் கரை வழியையே விட்டுவிட்டுக் காட்டுவழிச் சேற்றில் நாள் முழுக்க உழல வேண்டி வரும். பழகிக்கொள்ள நம் லூமுட் கரைக்கான கடல் அட்டவணையை ஒரு மாதம் கையில் வைத்துக்கொண்டு, பங்கோர் பக்கம் போகும்போதெல்லாம் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாறையைப் பிளந்துகொண்டு அலை உள்ளே பாயும் குறுகிய கால்வாய்களும் அந்தக் கரையில் உண்டு. தாண்டிக் குதிக்கலாம் போலத் தோன்றும். முதுகில் 15 கிலோவோடு பச்சைப் பாசியில் கால் வைத்துக் குதிக்கக் கூடாது. வால்பிரன், லோகன் என்ற இரண்டு ஓடைகளுக்கும் இடையில் காட்டுவழியே போங்கள்.

குழு எத்தனை பேர்? ஒரு குழுவுக்கு உச்ச வரம்பு 10. எங்கள் கருத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். காரணம் ஏணி. ஒருவர் இறங்கி முடிக்கும்வரை அதே ஏணியில் அடுத்தவர் காலை வைக்கக் கூடாது. ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் பத்துப் பேருக்கு அரை மணி. ஓடைப் பள்ளத்தில் இறங்க ஓர் ஏணித் தொடர், ஏற ஓர் ஏணித் தொடர் என்று ஒரே ஓடையில் ஒரு மணி நேரம் நின்றே கழியும். கம்பியில் தொங்கும் தொட்டியில் ஆற்றைக் கடக்கும் இடங்களிலும் ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான். உருளைக்குப் பக்கத்தில் விரலும் கூந்தலும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடையில் இறங்கி நடக்க நேர்ந்தால் இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் மூட்டையை உதறிவிட்டு எழலாம்.

நம்மவர்களுக்கு ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கூட்டாகச் சமைத்துச் சாப்பிடுவது நமக்குப் பிடித்த பழக்கம். ஒருவர் பாத்திரம், ஒருவர் அரிசி, ஒருவர் அடுப்பு என்று பிரித்துச் சுமப்போம். அந்தக் கரையில் அது ஆபத்து. நீர் ஏறிக் குழு இரண்டாகப் பிரிந்துபோனால் ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் அரிசியும் நிற்கும். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் சொந்தக் கூடாரம், அடுப்பு, உணவு, நீர் வடிகட்டி இருக்கட்டும். மாலையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

உணவு, உலர்ந்த எடையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 650 கிராம். எட்டு நாள், அதோடு கையிருப்பாக ஒரு நாள் என்றால் கிட்டத்தட்ட ஆறு கிலோ. 60 கிலோ எடையுள்ளவர் 15 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று வைத்தால், மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்பது கிலோதான் மிச்சம். பச்சரிசி வேகப் பதினைந்து இருபது நிமிடம் எரிவாயு செலவாகும். அவல், வறுத்த ரவை, சத்துமாவு, மீ எல்லாம் வெந்நீர் ஊற்றினாலே ஆகிவிடும். நெத்திலியும் கருவாடும் வேண்டாம். கரடியும் ஓநாயும் உள்ள இடம். மணமுள்ள எதுவும், பற்பசை உட்பட, இரவில் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. முகாம்களில் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். எடுத்துப்போகும் உணவைக் கனடா நுழைவில் அறிவிக்கவும் வேண்டும்.

எரிவாயுக் குப்பியையும் கரடி விரட்டும் தெளிப்பானையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். விக்டோரியாவில் இறங்கி வாங்குங்கள். நம் கடைகளில் கிடைக்கும் நீளக் குப்பியில் இருப்பது பியூட்டேன், குளிர் கூடினால் சரியாக எரியாது. திருகி மாட்டும் 230 கிராம் குப்பிக்கான அடுப்பைக் கொண்டுபோங்கள். இரண்டு பேருக்கு எட்டு நாளுக்கு இரண்டு குப்பி போதும்.

இனி குளிர். கோடையிலும் 10 முதல் 20 டிகிரிதான். மழையும் மூடுபனியும் நாள்கணக்கில் நிற்கும். பால்மரக் காட்டில் நனைந்தால் சட்டையைப் பிழிந்துவிட்டு நடக்கலாம், அங்கே நனைந்த பருத்தி உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ், பருத்திச் சட்டை எதுவும் வேண்டாம். கம்பளி அல்லது பாலியெஸ்டர் மட்டும். உறங்கும் உடையையும் உறங்கு பையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். அந்த உலர்ந்த உடையோடு நடக்கவே கூடாது. காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு நேற்றைய ஈர உடையையே மாட்டுங்கள். யாராவது நடுங்கத் தொடங்கி, வார் மாட்டத் தடுமாறி, பேச்சு குழறினால் உடனே நிற்க வேண்டும். காற்றுக்கு மறைவு, உலர்ந்த உடை, உறங்கு பை, இனிப்பான சூடான பானம், இந்த வரிசையில். நிலைமை மாறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறியதற்கு அடையாளம் அல்ல, முற்றியதற்கு அடையாளம்.

பால்வெட்டுக்குப் போட்ட கம்போங் அடிடாஸ் ரப்பர் காலணி நம் மலைச் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் 15 கிலோ சுமையோடு வழுக்கும் பலகைப் பாதையில் எட்டு நாள் நடக்க அது கணுக்காலைத் தாங்காது. உயரமான பூட்ஸை இரண்டு மாதம் முன்பே வாங்கி, சுமையோடு மழையில் நடந்து பழக்குங்கள்.

கூடாரத்தை, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மரக்கட்டை வரிசைக்கு மேலே போடுங்கள். நிலம் பலமாக அதிர்ந்தால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 1700 ஜனவரியில் பெரும் பூகம்பமும் சுனாமியும் கண்ட கரை அது. 2004இல் பினாங்கில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

தடம் மே முதல் நாளிலிருந்து செப்டம்பர் கடைசி வரைதான் திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். விசாவும் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் நேரம் விட்டுவிடுங்கள். ஹூ-ஏ-ஆட், டிட்டிடாட், பாச்சீடாட் என்ற மூன்று பூர்வகுடி மக்களின் மண் வழியாகத் தடம் போகிறது. அவர்கள் நிலம் என்று பலகை வைத்த இடத்தில் நுழைய வேண்டாம். நிட்டினாட் நீர்வழியையும் கோர்டன் ரிவர் ஆற்றையும் படகில்தான் கடக்க முடியும், மாலைக்கு முன்னரே படகு நின்றுவிடும்.

பெரும்பாலான இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றாவது குழுவில் இருக்கட்டும். உதவி வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். புறப்படும் முன் நாள்வாரித் திட்டத்தின் நகலை வீட்டில் கொடுத்து, எந்த நேரம் தாண்டினால் தகவல் தர வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். கடைசிப் படகைத் தவறவிட்டாலே ஓர் இரவு தாமதமாகும். ஆகவே அந்த நேரத்தைத் திட்டமிட்ட மாலைக்கு வைக்காமல், மறுநாள் மாலை 6 மணிக்கு வையுங்கள். கோடையில் அந்தத் தடத்துக்கும் மலேசியாவுக்கும் 15 மணி நேர வேறுபாடு. அங்கே மாலை 6 என்றால் இங்கே அதற்கடுத்த நாள் காலை 9. அதையும் அந்தத் தாளிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மலையேறும் நண்பர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.