பார்சலில் வந்த குரல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படி ஏறாதே என்றால் நீ கேட்கவா போகிறாய்! நான் இன்னும் ஓஹாயோவில் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி.

ஞாயிறு காலை மளிகைக் கடைக்குக் கிளம்பினோம். மகன் காரில் ரேடியோவைப் போட்டால் 'அமெரிக்கன் டாப் 40' ஓடுகிறது, அந்த வாரத்து முதல் நாற்பது ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடும் நிகழ்ச்சி. எழுபதுகளில் பதிவான பழைய நிகழ்ச்சியை மறுபடி போடுகிறார்கள். தொகுப்பாளர் கேஸி கேஸம் 40ஆம் இடத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறி வருகிறார். கடை வந்தபோது 23. மகன் "இறங்குப்பா" என்கிறான், எனக்கோ மனமில்லை. அந்த ஆள் ஒரு பாடகரைப் பற்றிக் கதையை ஆரம்பித்து, பெயரைச் சொல்லாமல் விளம்பரத்துக்குப் போய்விட்டார். எப்படி இறங்குவது?

இந்தக் கதை சொல்லும் பழக்கம் வந்ததே வேடிக்கை. அறுபதுகளில் கலிபோர்னியாவில் ஒரு நிலையத்தில் விதவிதமான குரல்களில் பேசிக் கலகலப்பு செய்துகொண்டிருந்தாராம். மேலாளர் அதையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார். அன்றைக்கு என்ன பேசுவது என்று முழித்தவருக்கு, குப்பைத்தொட்டியில் பாடகர்களைப் பற்றிய ஒரு பழைய பத்திரிகை கிடைத்தது. அவ்வளவுதான், கதை கிடைத்துவிட்டது. டெட்ராய்ட்டில் லெபனான் குடும்பத்தில் பிறந்தவர் அவர்.

நிகழ்ச்சி தொடங்கியது 1970 ஜூலை 4 வார இறுதியில். முதல் வாரம் ஒலிபரப்பியது ஏழே ஊர்களில். பில்போர்டு பத்திரிகையின் 'ஹாட் 100' பட்டியலில் முதல் நாற்பது. அப்போது எஃப்.எம். பக்கம் முழு ஆல்பங்களைப் போடுவதுதான் நாகரிகம், ஹிட் பாட்டு வரிசை எடுபடாது என்று பலர் நினைத்தார்களாம். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 500 நிலையங்கள்!

நான் வாய் பிளந்த விஷயம் வேறு. நேரில் பேசுவதுபோல் இருந்ததே தவிர, எல்லாம் முன்கூட்டியே லாஸ் ஏஞ்சலஸில் பதிவானது. எல்.பி. இசைத்தட்டுகளாக அச்சடித்து, பெட்டியில் போட்டு, வாராவாரம் ஒவ்வொரு நிலையத்துக்கும் அனுப்புவார்கள். உள்ளூர்க்காரர் தட்டை வைத்து, இடைவெளியில் தன் ஊர் விளம்பரத்தைச் செருகினால் போதும். அந்தத் தட்டுகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

முதலில் மூன்று மணி நேரம். 40 பாட்டு, மூன்று மூன்று நிமிடமென்றால் இரண்டு மணி நேரம். மீதி பேச்சுக்கும் விளம்பரத்துக்கும். அப்புறம் பாட்டுகள் நீண்டுகொண்டே போயின. 1978 அக்டோபரில் நான்கு மணி நேரமாக்கிவிட்டார்கள். அதே ஆண்டில்தான் நேயர் கடிதத்தைப் படித்து, தூரத்தில் இருப்பவருக்குப் பாட்டு சமர்ப்பிக்கும் பகுதியும் வந்தது. எனக்கு அது கொஞ்சம் அழுகாச்சி. மருமகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

1988ல் கேஸம் விலகினார், 1995ல் நிகழ்ச்சியே நின்றது, 1998ல் அவரோடு திரும்பி வந்தது. 2004லிருந்து தொகுப்பாளர் ரயன் சீக்ரெஸ்ட். கேஸம் 2014ல் காலமானார்.

இதையெல்லாம் மகன் பெருமையாகச் சொன்னபோது நான் விடவில்லை. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கெடுபிடி இருந்த 1952லேயே ரேடியோ சிலோனில் இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான பினாகா கீத்மாலா தொடங்கிவிட்டது, 1954லேயே தரவரிசையும் வந்துவிட்டது என்றேன். அதுவும் பார்சல்தானே! பம்பாயில் அமீன் சயானி பேசிப் பதிவு செய்ய, நாடா கொழும்புக்குப் போய், அங்கிருந்து சிற்றலையில் நம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டுத் திண்ணையில், அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு, எத்தனை பேர் உட்கார்ந்திருப்போம்!

உன் அண்ணன் அந்தப் பட்டியலை வாராவாரம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பாரே, பிடித்த பாட்டு கீழே இறங்கினால் அன்று இரவு சாப்பிடக்கூட மாட்டாரே, அந்த நோட்டு எங்கேயாவது இருக்கிறதா? பரண் மேல் இருந்தால் நீ ஏறாதே, பேரனை ஏறச் சொல். இரண்டு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு. மகனிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ராமு