பன்னிரண்டு தூண்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன மாதம் கேட்ட பாஸ்போர்ட் முதல் பக்க நகல் இன்னும் வரவில்லை. வேலையாக இருந்திருப்பாய். ஆனால் அது வரும்வரை, தாத்தா வீட்டைக் காக்க நான் தொடங்கப்போகும் அறக்கட்டளைக்கென்று ஒரு ரூபாய்கூட அனுப்பாதே.

இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் சம்பாதித்து வங்கி வழியாக அனுப்பினால், அது உள்நாட்டு நன்கொடைதான். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அறக்கட்டளைக்கு மூன்று வயதாகி, அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சமாவது அறப்பணிக்குச் செலவாகியிருந்தால்தான் பதிவே கேட்கலாம். நீ என்ன வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நகல் போதும்.

சங்கமாகப் பதியலாமே என்று மாப்பிள்ளை சொன்னாராம். அதற்கு ஏழு பேர் வேண்டும். நம் பங்காளிகளில் ஏழு பேரை ஒரே திண்ணையில் உட்காரவைத்தவர் உண்டா? பொது அறக்கட்டளைதான் சரி. பத்திரத்தில் 'வீட்டைப் பாதுகாத்தல்' என்று மட்டும் எழுதினால், பின்னால் வருகிறவன் வீட்டை விட்டுவிட்டுக் கொல்லையை மனை போட்டு விற்பான். அதனால் வீடு, கிணறு, கொல்லை மூன்றையும் சர்வே எண், நான்கெல்லையோடு பத்திர வரைவின் சொத்து விவரத்தில் சேர்த்தாயிற்று. எழுதிக்கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. கலைத்தால் இதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்கே போகும். எழுதிக்கொடுத்தவரோ உறவினரோ இலவசமாக அனுபவித்தால் வரிவிலக்கு போய்விடும் என்பதால், ரேழி அறையை நானே வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். இதை அம்மாவிடம் சொல்லாதே.

உன் அளவுப்படம் வந்தது. பொறியாளர் பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்றார். என் பெண் என்றேன். முற்றத்துத் தூண் பத்து என்று போட்டிருக்கிறாய். பன்னிரண்டு. வந்து எண்ணி எத்தனை வருஷமாயிற்று!

ரேழிச் சுவரில் சிமெண்டு பூசிய இடம் மட்டும் இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. தட்டினால் பொள்ளலாகச் சத்தம். தரை ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும்; சிமெண்டில் வழியில்லாமல் மேலே ஏறி, செங்கல்லைப் பொடியாக்குகிறது. கொத்தி எடுத்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று சேர்த்துப் பூச வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு இரண்டு வாரமாவது ஊறட்டும் என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். நீறாத துணுக்கு இருந்தால் பூசியபின் பொரிந்து, பூச்சைத் தெறிக்கவைக்கும். ஐப்பசிக்குள் ஓடும் பிரித்து மாற்ற வேண்டும். இதெல்லாம் என் பென்ஷனில் நடக்கும். பணம் அனுப்பாதே.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. பட்டாவும் என் பேரில்தான். ஆனால் பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது பாப்பா.

தாத்தா உயில் எழுதவில்லை. வீடு அவர் சொந்தச் சம்பாத்தியம். பாட்டியும் போனபின் 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி எனக்குப் பாதி, அத்தைக்குப் பாதி. பட்டா மாற்றும்போது அவளிடம் வெள்ளைத்தாளில் ஒரு சம்மதக் கடிதம் வாங்கினேன். எதற்கென்று முழுதாகச் சொல்லவில்லை. அண்ணன் கேட்கிறானே என்று அடுப்படியில் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். அவளுக்குத்தான் நகை போட்டாயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதிவாகாத அந்தத் தாள் எந்த உரிமையையும் மாற்றாது. என் பாதியைத்தான் நான் எழுதிவைக்க முடியும்.

வக்கீல் அவளிடம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் வாங்கச் சொல்கிறார். நான் வாங்கப்போவதில்லை. அவளும் விரும்பினால் என்னோடு சேர்ந்து எழுதிக்கொடுக்கட்டும். இல்லையென்றால் பாதியைக் கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அதற்கு முன்னால் நீ அவளுக்கு போன் செய்யாதே.

நகலை அனுப்பு. எந்த நாட்டு பாஸ்போர்ட்டாக இருந்தாலும் அனுப்பு.

அப்பா