தோல் டாக்டர் எந்தக் கிழமை இருப்பார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் தோல் நோய் பற்றி வரும் கட்டுரைகளை நான் விடாமல் படிக்கிறேன். ‘தோல் மருத்துவரைப் பாருங்கள்’ என்று எல்லாக் கட்டுரையும் முடிகிறது. அவரை எங்கே போய்ப் பார்ப்பது, எந்தக் கிழமையில் பார்ப்பது என்று மட்டும் எழுதக் காணோம். முதுகுளத்தூர் மாதிரி ஊர்களில் இருக்கும் எங்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

நான் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு எடுக்கும்போது நிறையப் பேருக்குப் படர்தாமரை இருப்பதைப் பார்க்கிறேன். பாவாடை நாடா இறுகும் இடுப்பு, அக்குள், மார்புக்குக் கீழே என்று வியர்வை தங்கும் இடமெல்லாம் வட்ட வட்டமாகப் படர்ந்திருக்கும். “டாக்டர்கிட்ட காட்டலையாக்கா?” என்று கேட்டால், “இந்த இடத்தையெல்லாம் யாருகிட்ட காட்டுறது? மெடிக்கல்ல ஒரு டியூப்பு வாங்கிப் போட்டா அடங்கிரும்” என்பார்கள். அடங்குவது உண்மைதான். டியூப் தீர்ந்ததும் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்புவதும் உண்மை.

அந்த டியூபில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லும் மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, அதோடு குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று ஒரு ஸ்டீராய்டு. எல்லாம் ஒரே களிம்பில். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் ஓரிரு நாளில் அமுக்கிவிடும். கூடவே அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பு சக்தியையும் அமுக்குவதால் பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவுகிறது. வட்டத்தின் விளிம்பு கலைந்து உருவமே மாறிவிடுவதால், பிறகு பார்க்கும் டாக்டருக்கும் கண்டுபிடிப்பது சிரமமாகிறது. நிறம் கூடும் என்று இதையே முகத்தில் தடவும் பெண்பிள்ளைகளுக்குத் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பருவும் முடியும் கிளம்புகின்றன. நிறுத்தினால் முகம் எரியும். அதனால் நிறுத்தவும் முடியாமல் தவிக்கிறார்கள்.

இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018-லேயே மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் பெயரைச் சொன்னாலே எடுத்துத் தருகிறார்கள். இதை மருந்து ஆய்வாளர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆனாலும் சனம் மருந்துக் கடைக்குப் போவதன் காரணம் அந்தக் கடை பக்கத்தில் இருக்கிறது, டாக்டர் இருக்கும் இடம் தெரியவில்லை என்பதுதான்.

தெரிந்தவர்கள் உடனே மதுரைக்கு பஸ் ஏறுகிறார்கள். ஒரு நாள் கூலி, பஸ் செலவு, ஃபீஸ் எல்லாம் சேர்த்தால் மறுமுறை போக மனசு வராது. ஆனால் தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று. விருதுநகரும் உண்டு. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் அங்கே தோல் நோய்ப் பிரிவு இருக்கும். பார்ப்பது இலவசம். மாவட்டத்துக்குள்ளேயே இப்படி ஒரு வசதி இருப்பது என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தனியாரிடம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘ஸ்கின் கிளினிக்’ என்ற போர்டை மட்டும் நம்பி உள்ளே போக வேண்டாம். எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் தோல் நோய்க்கான மேற்படிப்புகளான எம்.டி. (டி.வி.எல்.), டி.டி.வி.எல். அல்லது தோல் பிரிவில் டி.என்.பி. படித்திருக்கிறாரா என்று பாருங்கள். மருத்துவர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் சீட்டிலும் போட வேண்டும் என்பது விதி. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டும் தேடலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு நிமிட வேலை. அப்புறம், போகும்போது இதுவரை போட்ட டியூப்களைக் காலியாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். வந்து வந்து போகும் தடிப்பு என்றால், வந்திருக்கும்போதே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். படர்தாமரைக்கு வாரக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களும் சேர்ந்து பார்க்காவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு கவலையும் உண்டு. வெளிறிய தேமல் மாதிரி ஒரு திட்டு, அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். இதற்கும் களிம்பைத் தடவிக்கொண்டு நாளைக் கடத்தினால் நரம்பு கெட்டு, கை கால் விரல்கள் மடங்கிப் போகும். சாதாரண அரிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவர் தோல் டாக்டர்தான். அவர் இருக்கும் இடத்தை ஊருக்குச் சொல்லாமல் வைத்திருப்பது என்ன நியாயம்?

சுகாதாரத் துறை இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும், பக்கத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தோல் டாக்டர் பார்க்கிறார் என்று ஒரு பலகை வைத்தால் போதும். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வரும் தங்கச்சிமாரிடமும் இந்த விவரத்தைக் கொடுத்து அனுப்பலாம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்ட வாரியாக இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி மாதம் ஒருமுறை வெளியிடுங்கள். பெண் டாக்டர் எந்தெந்த நாளில் இருப்பார் என்பதையும் தவறாமல் போடுங்கள். அது தெரிந்தாலே எங்கள் பெண்களில் பாதிப் பேர் கூச்சம் விட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முதுகுளத்தூர், ராமநாதபுரம் மாவட்டம்.